வாரம் நான்கு நாள் மவுண்டன் பைக் ஓட்டுகிறவருக்குப் பந்தயமும் பயணமும்

கேள்வியை ஒருமுறை சுருக்கிக்கொள்கிறேன். ஒரு வருடமாக மவுண்டன் பைக் ஓட்டுகிறீர்கள். வேலை, வீடு போக வாரத்தில் நான்கு நாள் நேரம் கிடைக்கிறது. இன்னும் மூன்று மாதத்தில் வரும் 40 கி.மீ. பந்தயம் ஒன்றுக்குப் பெயர் கொடுத்துவிட்டீர்கள். அது முடிந்ததும் சைக்கிளோடு விமானம் ஏறி வேறொரு மலைக்குப் போகும் யோசனையும் இருக்கிறது. எப்படிப் பயிற்சி செய்வது, இதற்கெல்லாம் புது சைக்கிள் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சைக்கிளை முதலில் முடித்துவிடலாம்: வேண்டாம். ஹைட்ராலிக் பிரேக் ஒழுங்காகப் பிடிக்கிறது, முன்சக்கரத்தைப் பிடித்து அதிர்வைத் தாங்கும் ஃபோர்க் வேலை செய்கிறது, ஃபிரேம் உங்கள் உயரத்துக்குப் பொருந்துகிறது என்றால் போதும். பணம் கையை அரித்தால் நல்ல டயர் வாங்குங்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை இந்த விளையாட்டில் ரொம்ப சகஜம். வளைவில் விழுந்தவர் அடுத்த வாரம் புது ஃபோர்க்கோடு வந்து அதே வளைவில் விழுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்த விளையாட்டு பிறந்ததே ஓட்டை சைக்கிளில்தான். 1976 அக்டோபர் 21 அன்று கலிஃபோர்னியாவில், மரின் கவுன்டியின் ஃபேர்ஃபேக்ஸ் ஊர்ப்பக்கம் ஒரு மலைப்பாதையில் சிலர் முதல் 'ரீபேக்' பந்தயத்தை நடத்தினார்கள். ஓட்டியவை கனத்த, பழைய, பருத்த டயர் சைக்கிள்கள். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கிற, சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்புக்குள் இருக்கும் பிரேக். அடிவாரம் வந்து சேர்வதற்குள் ஹப்புக்குள் இருக்கும் கிரீஸ் சூட்டில் புகைந்து போய்விடும். பிரித்து, மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த முறை ஓட்ட முடியும். அந்த 'மறுபடி அடைப்பு'தான் ரீபேக் என்ற பெயர். அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஜோ பிரீஸ் மலைக்கென்றே சைக்கிள் கட்டியது அடுத்த வருடம், 1977இல். உங்களிடம் இப்போது இருக்கும் சைக்கிளை அன்று அவர்கள் பார்த்திருந்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பார்கள்.

நான் 14 வருடமாக ஓட்டுகிறேன். பரிசு மேடை ஏறியதில்லை. முடிவுப் பட்டியலில் என் பெயரை நடுவிலிருந்து தேடினால் சீக்கிரம் கிடைக்கும். என் பந்தயங்களிலும் பயணங்களிலும் கெட்டுப்போனவற்றை எண்ணிப் பார்த்தால், முக்கால்வாசி அதற்கு முன்பே ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை ரைடில் தலைகாட்டி, 'பார்த்துக்கலாம்' என்று நான் விட்டவைதான். அதனால் இந்தப் பதிலின் பெரும்பகுதி வாரநாள் ரைடைப் பற்றியது. பந்தய ரகசியம் எதிர்பார்த்து வந்திருந்தால் மன்னிக்கவும்.

நான்கு நாளில் இரண்டு நாள் மெதுவாக, ஒரு நாள் கடுமையாக, ஒரு நாள் நீளமாக ஓட்டுங்கள். மெதுவாக என்றால் உண்மையிலேயே மெதுவாக: பக்கத்தில் வருகிறவரிடம் மூச்சு வாங்காமல் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். மலைப்பாதையில் இது சொல்வதைவிடக் கஷ்டம், ஏனென்றால் செங்குத்தான ஏற்றம் வந்தால் உங்களைக் கேட்காமலே இதயத் துடிப்பு எகிறிவிடும். அதனால் மெதுவான நாட்களில் நான் மலைக்கே போவதில்லை. மண் சாலையிலோ தார்ச் சாலையிலோ ஒரு மணி நேரம் சும்மா உருட்டிவிட்டு வருவேன். பார்ப்பவர்களுக்குச் சோம்பேறித்தனமாகத் தெரியும், தெரியட்டும். எல்லா நாளும் பாதி மூச்சு முட்ட ஓட்டுகிறவருக்குக் கடுமையான நாளில் கொடுக்க எதுவும் மிச்சம் இருக்காது.

கடுமையான நாளில் நான்கு நிமிட ஏற்றம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து நான்கைந்து முறை ஏறுங்கள். முதல் முறை ஏறிய வேகத்திலேயே கடைசி முறையும் ஏற முடிந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். நீளமான நாளை இரண்டு மணி நேரத்தில் தொடங்கி, பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பு மூன்றரை மணி நேரம் வரை கொண்டுபோங்கள். மலையில் கி.மீ. கணக்கை நம்ப வேண்டாம், மணிக் கணக்குதான் கணக்கு. தார்ச் சாலையில் 40 கி.மீ. ஒன்றரை மணி நேரம் என்றால், வேரும் கல்லும் ஏற்றமும் உள்ள 40 கி.மீ. மூன்று மணி நேரத்தைத் தாண்டலாம்.

கால் பலத்தைவிட அதிகம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. புதுப்புது டிரெயிலாக, அதாவது மலைப்பாதையாக, தேடிப் போவதைக் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு, ஒரே டிரெயிலைத் திரும்பத் திரும்ப ஓட்டுங்கள்.

நான் வழக்கமாகப் போகும் ஒற்றையடிப் பாதையில் ஓர் இடது வளைவு. உள்பக்கம் மூன்று வேர்கள் குறுக்கே கிடக்கும், வெளிப்பக்கம் பள்ளம். முதல் இரண்டு வருடம் அதைக் கடந்தேன் என்று சொல்ல முடியாது, தப்பித்தேன் என்று சொல்லலாம். ஒருநாள் அங்கேயே இறங்கி, சைக்கிளைச் சாய்த்துவிட்டு, வளைவை நடந்து பார்த்தேன். வேர்கள் மூன்றும் இணையாக இல்லை, நடு வேர் சரிவாகக் கிடந்தது. என் முன்சக்கரம் ஒவ்வொரு முறையும் அதே வேரில் சாய்வாக ஏறி, வேர் போகும் பக்கமாக வழுக்கியிருக்கிறது. ஓர் அடி வெளியே தள்ளிப் போனால் வேரைச் செங்குத்தாகக் கடக்கலாம். பிரேக்கையும் வேர் வருவதற்கு முன்பே பிடித்து விட்டுவிட வேண்டும், வேர்மேல் போகும்போது விரல் பிரேக்கைத் தொடக்கூடாது. இவ்வளவுதான் விஷயம். ஆனால் அது உடம்புக்குள் இறங்க ஆறு வாரம் ஆனது, ஒவ்வொரு ரைடிலும் அந்த வளைவை மட்டும் நாலைந்து முறை. அதற்குப் பிறகு எந்த ஊர் டிரெயிலில் வேர் வந்தாலும் கண் தானாகவே கோணத்தைத்தான் பார்க்கிறது.

நிற்கும் விதமும் அப்படித்தான் வரும். இறக்கத்தில் சீட்டில் உட்காராமல் எழுந்து, இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில், முழங்கால் மடங்கி, முழங்கை வெளியே விரிந்து, உடம்பின் பாரம் முழுக்கப் பாதத்தில். கை ஹேண்டிலைப் பிடித்திருக்க வேண்டும், அதில் தொங்கக்கூடாது. இறங்கி முடித்ததும் உள்ளங்கை வலித்தால் பாரம் தவறான இடத்தில் இருந்தது என்று பொருள். முன் பிரேக்கைத் தொட்டால் குட்டிக்கரணம்தான் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்சக்கரத்துக்கு மாறுவதால் நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. குதிகாலைத் தாழ்த்தி, இடுப்பை இறக்கி, ஒரே விரலால் மெல்ல மெல்ல அழுத்திப் பழகுங்கள். பின் பிரேக்கை மட்டும் நம்புகிறவர் டிரெயில் முழுக்கக் கோடு கிழித்துக்கொண்டே இறங்குவார். சைக்கிளும் நிற்காது, பாதையும் பாழாகும்.

அடுத்தது டயர் காற்று. காசே செலவில்லாமல் சைக்கிளை மாற்றிக்காட்டுவது இது ஒன்றுதான், ஆனால் யாரும் அளந்து பார்ப்பதில்லை. கட்டைவிரலால் டயரை அழுத்திப் பார்த்துத் தலையாட்டுவது அளவு ஆகாது. சுமார் 70 கிலோ எடையுள்ளவர், 2.3 அல்லது 2.4 அங்குல டியூப்லெஸ் (உள்ளே டியூப் இல்லாத) டயர் என்றால் முன்னால் 22, பின்னால் 24 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) என்று தொடங்கலாம். அங்கிருந்து ரைடுக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கல்லில் ரிம் 'டங்'கென்று தட்டுகிற அல்லது வளைவில் டயர் நெளிகிற அளவு வந்ததும் ஒன்றோ இரண்டோ ஏற்றிவிடுங்கள். அதுதான் உங்கள் எண். அழுத்தம் அளக்கும் ஒரு கேஜை வைத்துக்கொண்டு அதையே எப்போதும் நம்புங்கள், ஏனென்றால் இரண்டு கேஜ் ஒரே எண்ணைக் காட்டுவது அபூர்வம்.

டியூப்லெஸ் என்றதும் என் கதை ஒன்று. மூன்றாவது பந்தயம், 12ஆவது கி.மீ.யில் பின்டயரில் சின்ன முள். டயருக்குள் ஊற்றியிருக்கும், ஓட்டையை அடைக்கும் திரவமான சீலன்ட் பார்த்துக்கொள்ளும் என்று மிதித்துக்கொண்டே போனேன். உஸ்ஸென்ற சத்தம் நிற்கவே இல்லை. ஓரமாக நிறுத்தி டயரைப் பிரித்தால் உள்ளே சீலன்ட் இல்லை, காய்ந்துபோன ரப்பர் தோலும் ஒரு சின்ன உருண்டையும்தான் இருந்தன. ஊற்றி ஏழு மாதம் ஆகியிருந்தது. வெயிலையும் டயரையும் பொறுத்து இரண்டிலிருந்து ஆறு மாதத்துக்குள் சீலன்ட் காய்ந்துவிடும். சக்கரத்தைக் காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே தளும்பும் சத்தம் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் ஊற்றுங்கள். இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அதற்கு முந்தைய மாதம் மூன்று முறை காலையில் டயர் தொய்ந்திருந்ததைப் பார்த்து, காற்றடித்துவிட்டுக் கிளம்பியிருக்கிறேன்.

இன்னும் இரண்டு வழக்கம் போதும். செயின் தேய்மானத்தைக் கேஜ் வைத்துப் பாருங்கள், 11 அல்லது 12 கியர் என்றால் 0.5 சதவீதத்தில் மாற்றிவிடுங்கள். தேய்ந்த செயின், பின்சக்கரத்துப் பற்சக்கர அடுக்கான கேஸட்டின் பல்லையும் தின்றுவிடும், செயின் மலிவு, கேஸட் அப்படி இல்லை. பிரேக் எண்ணெய் மினரல் வகையா, டாட் (DOT) வகையா என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை ஊற்றினால் உள்ளே இருக்கும் சீல்கள் கெட்டுப்போகும்.

சாப்பாட்டையும் வாரநாளில்தான் பழக வேண்டும். இரண்டு மணி நேரத்தைத் தாண்டும் ரைடில் மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை கார்போஹைட்ரேட் உள்ளே போக வேண்டும். குலுங்கிக்கொண்டே அதைச் செரிப்பதற்கு வயிறுக்கும் பயிற்சி வேண்டும். பசி எடுத்த பிறகு சாப்பிட்டால் அரை மணி நேரம் தாமதம். நான் கடிகாரத்தில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒலி வைத்திருக்கிறேன், அடித்ததும் ஒரு வாய். தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடிப்பதும் தப்பு. ரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கம் வரை கொண்டுபோகும்.

இனி பந்தயம். நீங்கள் பெயர் கொடுத்தது மாரத்தான் வகை என்று நினைக்கிறேன், அதாவது ஒரு நீண்ட சுற்று. ஒலிம்பிக்கில் 1996 அட்லாண்டாவிலிருந்து நடப்பது அதுவல்ல. சில கி.மீ. சுற்று ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓட்டி, ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் முடியும் கிராஸ் கன்ட்ரி அது. எண்டியூரோ என்றால் இறக்கங்களுக்கு மட்டும் நேரம் எடுப்பார்கள், ஏறுவது உங்கள் பாடு. டவுன்ஹில் முழுக்க இறக்கம். முதல் பந்தயத்துக்கு மாரத்தான் நல்ல தேர்வு, யாரும் உங்களைச் சுற்றில் முந்திவந்து வெளியேற்றப்போவதில்லை.

முடிந்தால் முந்தைய நாளே பாதையைப் பாருங்கள். முழுக்க ஓட்ட வேண்டியதில்லை, முக்கியமான இறக்கங்களும் குறுகலான இடங்களும் போதும். பார்த்த பிறகும், பந்தய நாளில் அப்படியேதான் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நெதர்லாந்தின் மத்தியூ வான் டெர் பூல் முதல் சுற்றிலேயே ஒரு பாறை இறக்கத்தில் குப்புற விழுந்தார். பயிற்சியின்போது அங்கே ஒரு பலகைச் சரிவு போட்டிருந்தார்கள். பந்தயத்தில் அது இல்லை, அவர் இருக்குமென்று நினைத்து இறங்கினார். உலகத்தின் மிகச் சிறந்த ஓட்டக்காரர்களில் ஒருவருக்கே அந்தக் கதி என்றால், நாம் இறக்கத்தின் விளிம்பில் ஒரு நொடி கண்ணை ஓட்டிவிட்டு இறங்குவதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை.

கடைசி வாரம் ரைடின் நீளத்தைப் பாதியாக்குங்கள், ஆனால் இடையிடையே ஓரிரு நிமிடம் வேகமாக மிதிப்பதை விடாதீர்கள். அந்த ஒரு வாரத்தில் புதிதாகப் பலம் எதுவும் வரப்போவதில்லை, களைப்பு மட்டும்தான் வரும்.

தொடக்கத்தில் எல்லோரும் வெறிபிடித்தது போலப் பாய்வார்கள். அதற்கு ஓரளவு நியாயம் உண்டு: அகலமான சாலை ஒற்றையடிப் பாதையாகச் சுருங்கும் இடத்தில் முன்னால் இருப்பவர் போய்விடுவார், பின்னால் இருப்பவர் வரிசையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நிற்பார். அந்த நியாயத்தைக் கேட்டு என் முதல் பந்தயத்தில் நானும் பாய்ந்தேன். எட்டாவது கி.மீ. வரை 20 பேருக்குள் இருந்தேன். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் முழுக்க என்னை முந்திப்போனவர்களின் முதுகைப் பார்த்தேன். அதில் ஒருவர் போகிற போக்கில் 'தண்ணி இருக்கா?' என்று பரிவோடு கேட்டுவிட்டுப் போனார், அதுதான் ரொம்பக் குத்தியது. முதல் பந்தயத்தில் நடுவரிசையில் நின்று, முதல் 20 நிமிடம் பேச முடிகிற வேகத்துக்குச் சற்று மேலே மட்டும் போங்கள். குறுகலான இடத்தில் இரண்டு நிமிடம் வரிசையில் நிற்க நேரலாம், நின்றால் என்ன?

முந்துகிறவர்தான் பாதுகாப்புக்குப் பொறுப்பு. எந்தப் பக்கம் வருகிறீர்கள் என்று குரல் கொடுத்து, முன்னால் இருப்பவர் இடம் தரும் வரை காத்திருங்கள். உங்களை ஒருவர் முந்தக் கேட்டால் பதற வேண்டாம், அடுத்த அகலமான இடத்தில் ஒதுங்கினால் போதும். பதற்றத்தில் புதருக்குள் போகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

பஞ்சர் எங்கும் வரும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரிட்டனின் டாம் பிட்காக்குக்கு முன்னணியில் போகும்போதே பஞ்சர் ஆனது. சக்கரம் மாற்றி, அரை நிமிடத்துக்கு மேல் இழந்து, கடைசிச் சுற்றில் பிரான்ஸின் விக்டர் கொரெட்ஸ்கியை முந்தித் தங்கம் வாங்கினார். அவருக்கு மாற்றுச் சக்கரத்தோடு ஆள் காத்திருந்தார், நமக்கு நாமே ஆள். டயர் ஓட்டையில் குத்தி அடைக்கும் டியூப்லெஸ் பிளக், ஒரு டியூப், கைப்பம்ப், செயின் இணைப்பு ஒன்று, மல்டிடூல் இவை உடம்பிலோ சைக்கிளிலோ இருக்கட்டும். பிளக் குத்துவதை ஒருமுறை பழைய டயரில் செய்து பார்த்துவிடுங்கள். முதல் முறை கை நடுங்கும், அது வீட்டிலேயே நடுங்கிவிட்டால் நல்லது.

விழுந்து தலையில் அடிபட்டால் பந்தயம் அத்துடன் முடிந்தது. தலை சுற்றல், குமட்டல், எங்கே இருக்கிறோம் என்ற குழப்பம் எது இருந்தாலும் மிதிக்கக்கூடாது, அன்றே மருத்துவரைப் பாருங்கள். அடிபட்ட ஹெல்மெட் வெளியே முழுசாகத் தெரிந்தாலும் மாற்ற வேண்டியதுதான்.

பயணத்துக்கு வருவோம். பெடலைக் கழற்றும்போது இடது பெடலின் மரை தலைகீழ் என்பதை மறக்காதீர்கள். மறந்தவர்கள் பாதிப் பேர் இன்னும் இறுக்கிக்கொண்டே இருப்பார்கள். சக்கரத்தைக் கழற்றியதும் பிரேக் பேடுகளுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் துண்டைச் சொருகுங்கள், இல்லாவிட்டால் யாராவது பிரேக்கை அழுத்தி பேடு ஒட்டிக்கொள்ளும். பிரேக் டிஸ்க்குகளைக் கழற்றித் தனியாகத் தட்டையாக வையுங்கள். டயரில் காற்றை முழுக்க எடுக்கச் சொல்வார்கள். உண்மையில் சரக்கு அறையிலும் அழுத்தம் பராமரிக்கப்படுவதால் டயருக்கு நாலு பி.எஸ்.ஐ. அளவுக்குத்தான் வித்தியாசம் தெரியும், வெடிக்காது. ஆனாலும் விமான நிலையக் கவுன்டரில் நின்று இயற்பியல் பேசி ஜெயித்தவர் யாருமில்லை. கொஞ்சம் மட்டும் விட்டுவையுங்கள், டியூப்லெஸ் டயர் ரிம்மை விட்டு விலகாமல் இருக்கும். டயரில் காற்று நிரப்பும் கார்பன் டை ஆக்ஸைடு குப்பிகளுக்கு விமானத்தில் கட்டுப்பாடு உண்டு, கைப்பம்ப் எடுத்துக்கொள்வது உத்தமம். நண்பர் யாராவது மின்சார மவுண்டன் பைக்கோடு வர நினைத்தால் முன்பே சொல்லிவிடுங்கள்: பயணிகள் விமானத்தில் 160 வாட்-அவர் (Wh) அளவுக்கு மேற்பட்ட பேட்டரி ஏறாது, அந்த சைக்கிள்களின் பேட்டரி பெரும்பாலும் 400ஐத் தாண்டியது.

பல இடங்களில் டிரெயில் பலகைகளில் பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம் என்று குறியிருக்கும். பச்சை எளிது, கறுப்பு கடினம். ஆனால் ஓர் ஊரின் நீலம் இன்னோர் ஊரின் கறுப்பாக இருக்கும். முதல் நாள் உங்கள் வழக்கத்தைவிட ஒரு படி கீழே தொடங்குங்கள். ஏறி வருகிறவருக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும், நடப்பவர்களுக்கும் குதிரைக்கும் நாம் வழிவிட வேண்டும். மழை பெய்து பாதை சேறாக இருந்தால் அன்றைக்கு ஊர் சுற்றிப் பாருங்கள். ஈரத்தில் விழும் டயர்த் தடம் காய்ந்து வாய்க்காலாகிவிடும், அதைச் சரிசெய்கிறவர்கள் உள்ளூர் ஆட்கள்.

உயரமான இடமென்றால் முதல் இரண்டு மூன்று நாள் மெதுவான ரைடு மட்டும். கொலராடோவில் லெட்வில் 100 மைல் பந்தயம் தொடங்குவதே 3,000 மீட்டருக்கு மேல். அந்த உயரத்தில் வீட்டில் பழகிய வேகத்தில் ஏறினால் பத்து நிமிடத்தில் காது அடைக்கும். 2,500 மீட்டரைத் தாண்டிய இடத்தில் தலைவலியும் குமட்டலும் சேர்ந்து வந்தால் மேலே ஏறாதீர்கள், குறையாவிட்டால் கீழே இறங்கிவிடுங்கள்.

துணைக்கு வருகிறவரை வேகம் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தென்னாப்பிரிக்காவின் கேப் எபிக் பந்தயத்தில் இருவர் ஒரு குழு, எட்டு நாள். இருவருக்கும் இடையில் இரண்டு நிமிடத்துக்கு மேல் இடைவெளி விழக்கூடாது என்று விதியே உண்டு. நல்ல சிநேகிதர்கள் மூன்றாவது நாள் காலையில் ஒருவரோடொருவர் பேசாமல் செயினுக்கு எண்ணெய் விடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த விதியின் அருமை தெரியும்.

கடைசியாக டீரெய்லர் ஹேங்கர். செயினை நகர்த்தி கியர் மாற்றும் பின் டீரெய்லரை ஃபிரேமோடு இணைக்கும் அந்தச் சின்ன அலுமினியத் துண்டு, ஃபிரேம் உடையாமல் இருக்கத் தான் வளைவதற்காகவே செய்யப்பட்டது. பெட்டியில் அடிபட்டால் முதலில் வளைவதும் அதுதான். ஒரு பயணத்தில் இறங்கிய அன்றே கியர் தாவ ஆரம்பித்து, நான்கு நாள் ரைடில் இரண்டு நாளை ஹேங்கர் தேடியே கழித்தேன். கட்டும்போது டீரெய்லரைக் கழற்றித் துணியில் சுற்றி ஃபிரேமுக்குள் கட்டிவிடுங்கள், மாற்று ஹேங்கர் ஒன்றும் பையில் இருக்கட்டும். வாங்கப் போகும்போது பழையதைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போய், ஒன்றின்மேல் ஒன்று வைத்துத் துளை பொருந்துகிறதா என்று பாருங்கள். மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்கிய ஹேங்கர் இரண்டு என்னிடம் இருக்கின்றன, இதுவரை நான் வைத்திருந்த எந்த சைக்கிளுக்கும் அவை பொருந்தியதில்லை.